கோளாறு சரிசெய்ய வந்தவர்

மதியம் கண்ணயர்ந்ததுமே செண்பகவல்லியின் கனவுக்குள் இறந்துபோன கணவர் வந்து தட்டின் முன் உட்கார்ந்தார். சுவரெல்லாம் நீலமாக மழை வழிந்துகொண்டிருந்தது.

“வத்தக்குழம்பு பிரமாதம், செண்பகம்! உன் கனவுல ஏதோ கோளாறு இருக்கு. சரிபண்ற மென்பொருள் கொண்டாந்திருக்கேன். ‘சரி’ன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்.”

மகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: “கனவுல வந்து கோளாறு சரிபண்றேன்னு யாரு சொன்னாலும் போலிம்மா. உடனே முழிச்சுக்கோ. கண்டதையும் ஏத்திட்டுப் போயிருவாங்க. அப்புறம் உன் கனவெல்லாம் விளம்பரமாத்தான் ஓடும்.”

போலிதான். முதல் பேச்சிலேயே செண்பகத்துக்குத் தெரிந்துவிட்டது. உயிரோடிருந்த காலமெல்லாம் அவள் சமையலை அவர் ஒருநாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

கண்ணைத் திறக்காமலே அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

“சரி,” என்றாள். “குழம்பைப் பத்தி இன்னொரு தடவ சொல்லுங்க.”