குழிக்குள் கிடந்த டர்பைன்

டர்பைனுக்குத் துரோகம் செய்தது தலைக்கு மேல் உட்கார்ந்திருந்த ஜெனரேட்டர்தான். இருவருக்கும் ஒரே இரும்புத் தண்டு. அணைத் தண்ணீர் குழாய் வழியே பாய்ந்து வந்து அடிக்கும் அடியெல்லாம் குழிக்குள் கிடந்த டர்பைன் மேல்தான் விழும். அது சுற்றினால் தண்டு சுற்றும். மேலே ஜெனரேட்டர் சொகுசாகச் சுழன்று மின்சாரம் அனுப்பும். ஊரூராக விளக்கு எரியும்.

மணல் அரித்து டர்பைனின் இறக்கை ஒன்று மூளியாகிவிட்டது. “அண்ணே, மேலே ஆள் வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று போன ஆயுத பூசைக்கே கெஞ்சியது.

“சொல்றேன், சொல்றேன்” என்றது ஜெனரேட்டர்.

இந்த ஆயுத பூசையும் வந்தது. ஜெனரேட்டருக்குச் சந்தனம், குங்குமம், ஆளுயர மாலை.

“சொன்னீங்களா அண்ணே?”

“பூசை நேரத்துல நச்சரிக்காதே. உன்னைக் கழற்றினா நானும்ல சும்மா நிக்கணும்? அப்புறம் எனக்கு யார் மாலை போடுவா?”

டர்பைன் மூளி இறக்கையோடு ஓர் ஆட்டம் ஆடியது. தண்டு அதிர்ந்தது. கட்டடமே கிடுகிடுத்தது.

“டேய், ஆடாதே! மாலை விழுது!”

“விழட்டும்!”

ஆட்கள் ஓடி வந்து தண்ணீரை அடைத்தார்கள். டர்பைன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. குழிக் கதவை யாரும் தொடவில்லை. ஜெனரேட்டருக்கு எண்ணெய் மாற்றினார்கள், போல்ட்டுகளை முடுக்கினார்கள். “பாவம், ரொம்ப உழைக்குது” என்று ஒருவர் மாலையை நேராக்கினார்.

“இப்பவாவது சொல்லுடா!” என்று கத்தியது டர்பைன்.

மறுபடி தண்ணீர் பாய்ந்தது. டர்பைன் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றுகிறது. அந்த ஒரு வார்த்தை இன்னும் பாக்கி.