மைனாவின் குரல்

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் வந்து கிளியின் குரல் மூன்றாவது முறையாக நின்றுபோனது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் கையை ஆட்டி, பரவாயில்லை, மறுபடி எடுக்கலாம் என்றார். பொறுமைசாலி. தடுமாற்றம், தும்மல், வயிறு உறுமும் சத்தம், பெருமூச்சு என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வெட்டி எறிந்தே தலை நரைத்தவர்.

கிளி என்பது பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர். எந்தக் குரலையும் ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே திருப்பிச் செய்துவிடுவாள். அந்த வித்தைதான் இருபது வருடமாகச் சோறு போடுகிறது: விளம்பரம், பொம்மைப் படம், இப்போது ஒலிநூல். இந்த ஸ்டுடியோவில் அவள் வெறும் ‘மேடம்’.

வாசித்துக்கொண்டிருந்தது இரண்டு சிறுமிகளின் நட்பைப் பற்றிய நாவல். அதை எழுதியவள் ஒலிப்பதிவாளருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாக ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்ல வேண்டியதைத் துண்டுச்சீட்டில் எழுதி நீட்டினாள்.

பெரிய எழுத்தாளர், தலைக்கனம் இல்லாமல் இருக்குமா என்று ஒலிப்பதிவாளர் டீ குடிக்கும்போது முணுமுணுத்தார்.

தலைக்கனம் இல்லை என்று கிளிக்குத் தெரியும். அந்த வாயை மூடவைத்ததே கிளிதான்.

வேலையை ஒத்துக்கொண்டபோது இது தெரியாது. புனைபெயரில் எழுதிய நாவல். வீட்டில் ஒருமுறை படித்துப் பார்த்தபோதுதான் நாற்பதாம் பக்கத்தில் எழுதியவள் யாரென்று புரிந்தது. ஒரே பெஞ்சில் இரண்டு சிறுமிகள். ஒருத்திக்குத் திக்குவாய். இன்னொருத்தி ஊர்க்குரலையெல்லாம் செய்துகாட்டுகிறவள், பட்டப்பெயர் மைனா.

கிளியை மைனாவாக்கியதுதான் ஒரே மறைப்பு. மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், வகுப்பில் பாடம் வாசிக்க எழுந்த திக்குவாய்ச் சிறுமி ‘கப்பல்’ என்ற சொல்லில் மாட்டிக்கொள்கிறாள். பக்கத்தில் இருக்கும் மைனா அதே திக்கலை அதே குரலில் செய்துகாட்டுகிறாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கிறது. டீச்சரும் சிரித்துவிடுகிறார்.

அச்சு அசலாக இருந்ததாம். இருக்காதா பின்னே? தோழி ஒவ்வொரு சொல்லையும் சொல்லி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து காத்திருந்தவள் உலகத்தில் மைனா ஒருத்திதான்.

மறுநாள் அந்தத் தோழி பெஞ்சு மாறினாள். அதன்பிறகு நாலு பேர் முன்னால் வாயே திறக்கவில்லை.

இப்போது அந்தத் திக்கலை மைக்கின் முன்னால் மறுபடி செய்துகாட்ட வேண்டும். அதுவும் அந்தத் தோழியின் கண் முன்னாலேயே.

கிளிக்கு நரை வந்துவிட்டது, மூக்குக்கண்ணாடி வந்துவிட்டது, உடம்பும் இரண்டு மடங்காகிவிட்டது. தோழிக்கு அடையாளம் தெரிந்திருக்காது என்பது ஒன்றுதான் தைரியம்.

நாவலில் இன்னொரு குழப்பமும் இருந்தது. கடைசி அத்தியாயத்தில், வயதான மைனா தோழியின் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். கதவு திறக்கிறது. மைனா வாய் திறக்கிறாள். அடுத்த பக்கம் வெள்ளைத் தாள். ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று கிளி முதல் நாளே சொல்லியனுப்பினாள். துண்டுச்சீட்டில் பதில் வந்தது: ‘வரும். அவசரமில்லை.’

நான்காவது முறையாகச் சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்தத் திக்கல் தொண்டையில் தயாராக நின்றது. முப்பத்தொரு வருடத்தில் துளிகூடப் பிசகவில்லை. செய்தால் ஒரே டேக்கில் ஓகே, யாருக்கும் எதுவும் தெரியாமல் வீட்டுக்குப் போய்விடலாம். செய்யாவிட்டால் காரணம் சொல்லியாக வேண்டும்.

கிளி தாள்களை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

“என்னால முடியாதுண்ணா. இதை நான் ஏற்கெனவே ஒரு தடவை செஞ்சிட்டேன். அந்த மைனா நான்தான்.” பிறகு ஒலிப்பதிவாளரைத் தாண்டிப் பார்த்தாள். “உன் குரலை எடுத்து உன்னையே அடிச்சிட்டேன்டீ. என்னை மன்னிச்சிடு.”

அந்த ‘டீ’ தானாக வந்து விழுந்தது. இத்தனை வருடம் சுமந்த மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இனி வேலை போனாலும் போகட்டும்.

ஒலிப்பதிவாளர் பேந்தப் பேந்த விழித்தார். சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தார். பழக்கதோஷத்தில் அவர் விரல், அத்தனையையும் வெட்டி எறியப் பொத்தானைத் தேடியது.

பக்கத்து நாற்காலியில் இருந்தவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் பேசும் பொத்தானை அழுத்தினாள்.

கிளியின் ஹெட்போனில் முதலில் மூச்சு வந்தது. பிறகு ஓர் எழுத்து. மறுபடியும் அதே எழுத்து. என்ன சொல் என்று கிளிக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எடுத்துக்கொடுக்கவில்லை. அந்தப் பெஞ்சில் காத்திருந்த மாதிரியே காத்திருந்தாள்.

“வெ... வெ... வெட்டாதீங்க. இ... இதுக்குத்தான் இந்தக் கு... குரல்தான் வேணும்னு கேட்டு வாங்கினேன். இ... இதுதான் க... கடைசிப் பக்கம், கிளி.”

கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். கவிழ்ந்து கிடந்த தாள்களில் நூற்றுப் பன்னிரண்டைத் தேடி எடுத்தாள். கிளியைத் தள்ளி உட்காரச் சொல்லி, அதே நாற்காலியில் பாதி இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

‘கப்பல்’ என்று சொல்லி முடிக்க நெடுநேரம் ஆனது. சொல்லி முடித்தாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மைக்கே அதிர்ந்தது.

ஒலிப்பதிவாளர் அன்றைக்கு ஒரு மூச்சைக்கூட வெட்டவில்லை.