மொட்டைமாடி வாசகி

“உண்மையைச் சொல்லுய்யா. அடுத்த வாரக் கதையை வெளியே விடறது நீதானே?”

வார இதழின் ஆசிரியர் இப்படிக் கேட்டதும், அதன் இணையதளத்தைக் கவனிக்கும் வெப்சைட்காரர் இரண்டு கையையும் விரித்தார்.

“சத்தியமா இல்ல சார்.”

“பின்னே எப்படி? தொடர்கதை அச்சுல வந்த மறுநாள் நீ அதை வெப்சைட்ல போடறே. உடனே கீழே கமெண்ட்ல மொட்டைமாடி வாசகின்னு ஒருத்தி, அடுத்த வாரம் என்ன நடக்கும்னு எழுதிடறா. அப்படியே நடக்குது! டாக்டர்தான் கொலைகாரன்னு எழுதினா, டாக்டர் மாட்டினான். டாக்டர் நிரபராதின்னு எழுதினா, விட்டுட்டாங்க!”

ஆசிரியரைப் பொறுத்தவரை அச்சில் வருவதுதான் பத்திரிகை. வெப்சைட் வெறும் இலவச இணைப்பு; அதுவும் பிரிக்காமலே தூக்கிப் போடுகிற இணைப்பு. அது தாய்வீட்டுக்கே குழி பறித்தால் வயிறு எரியாதா?

“அத்தியாயம் அச்சுக்குப் போறதுக்கு முன்னால பாக்கறது நானும் நீயும்தான். நான் யார்கிட்டயும் சொல்லல. சாயங்காலத்துக்குள்ள மேசையைக் காலி பண்ணு.”

“எழுதறவருக்கும் தெரியுமே சார்...”

“அவரையே சந்தேகப்படறியா?”

ஆசிரியர் வீம்புக்கு எழுத்தாளருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரைத் தட்டினார்.

“அந்தம்மா மேல தப்பில்லைங்க,” என்றார் விஷயத்தைக் கேட்ட எழுத்தாளர். “ஒன்பதாவது அத்தியாயத்தோட எனக்குக் கதை தீர்ந்துபோச்சு. அதுக்கப்புறம் வெப்சைட்ல அவங்க போடறதைப் படிச்சுட்டுத்தான் எழுதறேன்.”

ஆசிரியர் போனை வைத்தார். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். சீக்கிரமே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சரி, உன் வேலைக்கு ஆபத்தில்ல. அந்தம்மாவை எப்படியாவது தேடிப் பிடி. அடுத்த தொடரை அவங்களே எழுதட்டும். என்னா கற்பனை! போயும் போயும் வெப்சைட்ல கிடந்து வீணாகுது.”

வெப்சைட்காரர் நகரவில்லை.

“என்னய்யா, இன்னும் நிக்கறே?”

“கீழே ஒரு கமெண்ட்கூட வரலேன்னா வெப்சைட்டையே மூடிடுவேன்னு போன வருஷம் சொன்னீங்களே சார், அதான் பேரை மாத்திக்கிட்டு நானே போட ஆரம்பிச்சேன்,” என்றார் அவர், தலையைச் சொறிந்தபடி. “எழுதினதெல்லாம் வாரா வாரம் அப்படியே நடந்ததும், எனக்குக் கருநாக்கோன்னு பயந்தே போயிட்டேன் சார்.”