ஏழு வாய் ஒயின்

அன்று முன்னறையில் இருந்தவர்கள் நான்கே பேர். வீட்டுக்காரர் யேசுரத்தினம், அவர் மனைவி லீலாபாய், தங்கை மாப்பிள்ளை ததேயுஸ், கொழும்புக் கப்பலில் பட்லராக இருந்த கோவாக்காரர் பின்டோ.

மேசைமேல் ஒரு போர்ச்சுக்கீசிய ஒயின் புட்டி. குளச்சலில் கரைதட்டிய கப்பலின் கேப்டன், தன் உயிரைக் காப்பாற்றிய யேசுரத்தினத்தின் தகப்பனாருக்குக் கொடுத்தது. இந்த 1951 வரை அறுபது வருடமாக யாரும் திறக்கவில்லை.

உள்ளே இருப்பது வெறும் கருப்பட்டித் தண்ணீர் என்று ததேயுஸ் புதுக்கடைச் சந்தையிலேயே சொல்லிவிட்டார். செத்துப்போன தகப்பனார் பொய்யரா இல்லையா என்பது இன்று தெரிந்தாக வேண்டும்.

ததேயுஸ், சபை மதுவிலக்குச் சங்கத்தின் செயலாளர். ஒரு சொட்டும் யார் தொண்டைக்குள்ளும் இறங்கக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் வந்திருந்தார்.

பின்டோ தக்கையை எடுத்தார். உலர்ந்த அத்திப்பழமும் கிராம்பும் பழைய தேக்குப்பெட்டியும் கலந்தாற்போல ஒரு மணம் எழுந்தது. ததேயுஸ் தோளில் கிடந்த துவர்த்தால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

பின்டோ ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி நாக்கில் உருட்டி, கோளாம்பியில் துப்பினார். யேசுரத்தினத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

“எங்கப்பா காத்து வச்ச சாதனத்தத் துப்புதீரா?”

ருசி பார்க்கிறவன் விழுங்கினால் நாக்கு மயங்கிப் பொய் சொல்லும் என்று பின்டோ விளக்கினார். கோளாம்பி லீலாபாய் சீதனமாகக் கொண்டுவந்தது, வெற்றிலைச் சாறு ஒருநாளும் படாதது. ஆகவே மரியாதைக் குறைவில்லை என்று யேசுரத்தினம் சமாதானமானார்.

பின்டோ மொத்தம் ஏழு வாய் துப்பினார். ஒவ்வொன்றுக்கும் ததேயுஸின் தொண்டை ஏறி இறங்கியது. அருவருப்பு என்று யேசுரத்தினம் எண்ணிக்கொண்டார்.

“அசல் போர்ச்சுக்கல் சரக்கு. கவர்னருக்கு நான் ஊத்திக் குடுத்ததுகூட இந்த ருசி இல்ல” என்ற பின்டோவுக்குக் கண் கலங்கியிருந்தது.

யேசுரத்தினம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இப்பம் என்ன சொல்லுதீரு, மாப்ள?”

பெரியவர் பெயரைக் கெடுத்தது தன் பிழைதான் என்று ததேயுஸ் ஒத்துக்கொண்டார். புட்டி பெட்டிக்குள் போய்ப் பூட்டு விழுந்தது. துப்பிய பாவத்தைத் தென்னை மூட்டில் தானே கொட்டிவிட்டு வருவதாகக் கோளாம்பியைத் தூக்கிக்கொண்டு அவர் அடுக்களை வழியாக வெளியே போனார்.

அவர் கோளாம்பியில் வாய் வைத்துக் குடித்தார் என்று சந்தையில் பேசிக்கொள்வது அப்பட்டமான பொய். அப்படி மரியாதை கெட்ட ஆள் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

தம்ளரில் ஊற்றித்தான் குடித்தார்.