நுனி வலப்பக்கம்

அழைப்புமணி அலறியது. விட்டுவிட்டு அல்ல, ஒரே அழுத்தாக.

கதவைத் திறந்தாள். ஆள் இல்லை. மிதியடி மேல் ஒரு கூரியர் உறை.

ஓவியர் ஜெரால்டு அனுப்பியதுதான். பன்னிரண்டாவது படம். கடைசி.

வருடச் சந்தா கட்டியிருந்தாள், மாதத்துக்கு ஒன்று. உள்ளங்கை அகலம். மரக்கட்டையில் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் கையால் அழுத்தி எடுப்பது. இட்லி, உளுந்துவடை, கல்லில் வேகும் தோசை, பொட்டலத்தில் வேர்க்கடலை. பதினொன்றும் கூடத்துச் சுவரில் இருந்தன.

பன்னிரண்டாவதற்கு ஆணி தயார். காலையில் பைக்கில் ஏறிய கணவன், நினைவு வந்து, ஹெல்மெட்டோடு உள்ளே வந்து அடித்தது.

"நான் வந்துதான் மாட்டுவேன். நீ தொட்டே, அவ்ளோதான்."

திண்டிவனம் வரை வேலை. இரண்டு மணிக்குச் சாப்பிட வந்துவிடுவான்.

மணி இரண்டரை.

உறையைப் பிரித்தாள்.

வாழையிலைச் சாப்பாடு. சோறு, கூட்டு, அப்பளம். அப்பளத்தின் கொப்புளம்கூடத் தெரிந்தது.

இலையின் நுனி வலப்பக்கம் இருந்தது.

கருமாதிக்குத்தான் அப்படிப் போடுவார்கள்.

ஜெரால்டைக் கூப்பிட்டாள்.

"என்ன ஜெரால்டு, வெள்ளிக்கிழமை அதுவுமா இலையைத் திருப்பிப் போட்டு அனுப்பியிருக்கீங்க?"

"ஐயோ அக்கா! கட்டையில இடம் வலம் மாத்திச் செதுக்கணும். அப்பத்தான் பேப்பர்ல சரியா விழும். மறந்துட்டேன் போல. வேற அனுப்புறேன்க்கா."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. இவ்வளவுதானா?

படத்தை ஆணியருகில் பிடித்துப் பார்த்தாள்.

இலைக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர். விளிம்பில் நசுங்கல். நடுவில் பெயர் வெட்டியிருந்தது, குண்டூசி முனையளவு எழுத்தில்.

சீராளன்.

கணவன் பெயர்.

ஓர் எழுத்துகூட இடம் வலம் மாறவில்லை.

சமையலறையில் அதே டம்ளர் கவிழ்த்து வைத்தபடி இருந்தது. அதே நசுங்கல். ஜெரால்டு இந்த வீட்டுப் படி ஏறியதே இல்லை.

சீராளனுக்குப் போன் போட்டாள்.

மணி போய்க்கொண்டே இருந்தது.

எடுத்தார்கள். பின்னால் லாரிகளின் ஹாரன். வேறு யாருடைய குரலோ.

"இந்த போன்காரருக்கு நீங்க என்ன வேணும்மா?"