தோளிலிருந்து இறங்கிய தகப்பன்

தகப்பனைச் சுமப்பது எப்படி என்று ரோமாபுரிக்கே கற்றுத் தந்தவன் பர்னபாதான். இதை அவனே சொல்லியிருக்கிறான். எரியும் நகரிலிருந்து கிழத் தந்தையைத் தோளில் தூக்கிவந்த பழங்கதை வீரன் ஈனியாஸை, படம் அச்சடிக்கும் செப்புத் தகட்டில் அமிலம் ஊற்றி அவ்வளவு தத்ரூபமாக அரித்தெடுத்திருந்தான். மாடியில் கால் முடங்கிக் கிடந்த அவன் அப்பா, வெயிலுக்குத் தூக்கிப்போகச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

"எதிர்வீட்டு செல்சோ மாதிரி அப்பனைச் சுமந்துட்டுத் திரிய நான் என்ன பொதிகழுதையா?" என்றான் மனைவி ஓர்சோலாவிடம்.

அவள் அச்சுருளையைச் சுற்றி, தகட்டிலிருந்து ஈரத்தாளை உரித்தாள்.

"என்னங்க, கிழவர் இறங்கிட்டாரு."

தகட்டில் கிழவர் தோளில்தான் இருந்தார். தாளில் தரையில் நின்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அடுத்த தாளில் ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்ததில் முதுகைக் காட்டிக்கொண்டார்.

"கர்தினாலோட ஆளு படத்துக்காக வாசல்ல நிக்கிறாரு. தகப்பன் தோள்ல இல்லன்னா காசும் இல்ல, குளிர்காலத்துக்கு ரொட்டியும் இல்ல" என்றாள் ஓர்சோலா.

பர்னபா கையில் அப்பிய மையோடு மாடியேறி, கட்டிலருகே குனிந்தான்.

"ஏறுங்கப்பா."

"இருடா, மது ஜாடியையும் எடுத்துக்கறேன்."

அப்பாவைத் தோளில் சுமந்து அவன் படியிறங்கி முடிக்கும்வரை ஓர்சோலா அடுத்த தாளுக்கு உருளையைத் தொடவில்லை.