திருப்பிப் போட்ட படம்

“இவரு இடது கைக்காரராச்சே?” என்றார் மைக் அண்ணன்.

அரங்க வாசலில், நான் வடிவமைத்த ஆளுயரச் சுவரொட்டியை ஒட்டிவிட்டு, சுருக்கம் விழாமல் துணியால் நீவிக்கொண்டிருந்தேன். என் கை அப்படியே நின்றுவிட்டது.

மைக் அண்ணன் எங்கள் அரங்கத்தின் ஒலியமைப்பாளர். எந்தப் பக்கம் எந்த மைக் வர வேண்டும் என்று படத்தில் இருக்கும் இசைக்கலைஞரே வரைந்து அனுப்பிய தாள் அவர் கையில் இருந்தது. அதில் மீட்டுகிற கை இடது. என் சுவரொட்டியில் வலது.

துணியைக் கீழே போட்டுவிட்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. படத்தில் இருப்பவர் எழுத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். தாளுக்கு வெளியே பார்த்தால், பார்க்கிறவர்களின் கண்ணும் அவரோடு வெளியே போய்விடும். அதனால் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டுவிடுவோம். சட்டையில் எழுத்து இருந்தால் மாட்டிக்கொள்வோம். இவர் போட்டிருந்தது வெறும் வெள்ளை அங்கி.

பன்னிரண்டு வருடமாகத் திருப்புகிறேன். ஒருவரும் கண்டுபிடித்ததில்லை என்று எனக்குப் பெருமை வேறு.

ஏழு வாரம், ஏழு கச்சேரி. பாலைவனத்து கிதார்க்காரர்கள், தோளில் முரசைச் சுமந்தபடி பாடும் ஐந்து பெண்கள், தீவிலிருந்து வரும் ஒரு குடும்பம் என்று அந்தச் சுவரொட்டியில் பாதி உலகம் இருந்தது. முதல் வாரம் இவர், பெரிய படமும் இவருடையதுதான். மேற்கு ஆப்பிரிக்கக்காரர். மரத்தைக் குடைந்து தோல் போர்த்திய நாலு தந்தி வாத்தியம். நாலே தந்தியில் ஒரு மனிதர் இவ்வளவு செய்ய முடியுமா என்று மூன்று மாதமாக அவர் பதிவுகளைக் கேட்டு வியந்துகொண்டிருந்தேன்.

ஒரு வரி வாசிப்பார். அதே நீளத்துக்குச் சும்மா இருப்பார். பிறகுதான் அடுத்த வரி. எல்லாப் பதிவிலும் அப்படித்தான். “நெட் சரியில்லையா, நின்னு நின்னு வருதே?” என்று என் தங்கைகூடக் கேட்டாள். அந்த இடைவெளிதான் எனக்கு உயிர். அதனால்தான் படத்துக்குக் கீழே, ‘மௌனத்தையும் வாசிப்பவர்’ என்று நானே ஒரு வரி எழுதிப் போட்டேன். மேலாளர் அம்மா அதைப் படித்துவிட்டு என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இப்போது அதே மேலாளர் அம்மா ஒப்பந்தத்தை எடுத்து வந்து காட்டினார். படத்தில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது. செய்தால் கலைஞர் வாசிக்காமல் திரும்பலாம்.

அவர் திரும்பிப் போனால் என் வேலையும் கூடவே போகும். அதைச் சொல்லாமலே சொன்னார்.

ஊர் முழுக்க, பேருந்து நிறுத்தம் ரயில் நிலையம் ஒன்று விடாமல், மூவாயிரம் சுவரொட்டிகள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். இதை எதில் மறைப்பது?

பதினொரு மணிக்கு ஒலிச் சோதனைக்காக வந்தார். படத்தில் இருப்பதைவிட உயரம். வாத்தியத்தைத் தூங்கும் குழந்தைபோலத் தோளில் சாய்த்திருந்தார். கூடவே அவர் மகள். இந்த ஊரில்தான் படிக்கிறாள், எங்களைவிட வேகமாக எங்கள் மொழியைப் பேசினாள்.

சுவரொட்டியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

நான் போய் எதிரே நின்றேன். யாரும் சொல்லி நான் போகவில்லை. மூன்று மாதம் காதில் வைத்திருந்த மனிதரை அவமானப்படுத்திவிட்டேன் என்பது வேலை போவதைவிட அதிகமாக வலித்தது. படத்தைத் திருப்பியது நான்தான், மன்னித்துவிடுங்கள் என்றேன். மகள் அதை அவருக்குச் சொல்லவே இல்லை. அவளும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கிட்டே போனார். படத்தில் தந்தி மேல் இருந்த அந்த வலது கையைத் தொட்டார். பசை இன்னும் காயவில்லை.

“இது அப்பா இல்ல,” என்றாள் மகள். “பெரியப்பா.”

எனக்கு விளங்கவில்லை. அவள்தான் மெதுவாகச் சொன்னாள். அப்பாவும் பெரியப்பாவும் ஒரே அச்சான இரட்டைப் பிள்ளைகள். பெரியப்பா பத்து நிமிடம் மூத்தவர், வலது கைக்காரர். முதலில் கற்றவர் அவர். எதிரே உட்கார்ந்து, அண்ணன் விரலைப் பார்த்துப் பார்த்து, கண்ணாடியில் தெரிவதை அப்படியே செய்வதுபோலத் தம்பி கற்றுக்கொண்டார். அப்பாவுக்கு மீட்டுகிற கை இடதாகிப்போனது அப்படித்தான். சாப்பிடுவதும் எழுதுவதும் வலது கையால்தான்.

பெரியப்பா இறந்து பதினொரு வருடம். வாசிக்கிறபோது எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

மேலாளர் அம்மா ஒப்பந்தத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

கலைஞர் வரவேற்பறையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து, சுவரொட்டிக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரின் முழங்காலும் முட்டிக்கொள்ளும் தூரம்தான் இருந்தது.

ஒரு வரி வாசித்தார்.

நிறுத்தினார். படத்தில் இருந்த விரல்களையே பார்த்தார். அங்கிருந்து ஒரு வரி நன்றாக வந்துவிட்டதுபோலத் தலையை ஆட்டினார். பிறகு தன்னுடைய அடுத்த வரியை வாசித்தார்.

மைக் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்குப் போனார், எதிரே இன்னொரு நாற்காலி போட.

நான் சுவரொட்டியைப் பார்த்தேன். படம் சரியாகத்தான் இருந்தது. ‘மௌனத்தையும் வாசிப்பவர்’ என்று கீழே நான் எழுதியிருந்த வரிதான் தப்பு.